அச்சு போர்ட்ஃபோலியோவா, டிஜிட்டலா: எதை முதலில் செய்வது, எப்படிச் செய்வது

போர்ட்ஃபோலியோ, அதாவது பிறருக்குக் காட்டத் தேர்ந்தெடுத்த புகைப்படத் தொகுப்பு, அச்சில் இருப்பதா, திரையில் இருப்பதா, இரண்டில் எது நல்லது என்று கேட்பவரிடம் திருப்பிக் கேட்க ஒரு கேள்விதான் இருக்கிறது: உங்கள் படங்களைப் பார்க்கப்போகிறவர் எங்கே உட்கார்ந்து பார்ப்பார்? கல்லூரிச் சேர்க்கைக் குழுவில் இருப்பவர் ஒரே நாளில் பல பேருடைய படங்களைத் திரையில் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். பத்திரிகையின் பட ஆசிரியர் இரண்டு வேலைக்கு நடுவே போனில் திறப்பார். கேலரி நடத்துபவர் எதிரே உட்கார்ந்து தாளைத் தொட்டுப் பார்ப்பார். முதல் இருவர் கைக்கும் அச்சுப் புத்தகம் போய்ச் சேரவே சேராது. மூன்றாமவரிடம் வெறும் இணையதள முகவரியை நீட்டினால் போன காரியம் பாதியில் நிற்கும்.

ஆக, தொழிலில் இருப்பவர்களில் பலருக்கும் இரண்டும் தேவைப்படும். ஒரே நேரத்தில் தேவைப்படாது. வரிசை இதுதான். முதலில் படத்தேர்வு, அதுவும் சின்னச் சின்ன அச்சுகளை மேசையில் பரப்பி. அடுத்து இணையதளமும் பிடிஎஃப்பும். நேரில் காட்ட ஒரு சந்திப்பு உறுதியான பிறகு, அல்லது படிக்கும் இடத்தில் கேட்கும்போது, அச்சுப் புத்தகம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அழகான தோல் அட்டைப் புத்தகத்தை வாங்கிவிட்டு, அதன் 40 பக்கத்தையும் நிரப்பப் படம் தேடி அலைகிறார்கள்.

படத்தேர்வு: மேசை மேல் நடக்கிற வேலை

கடைசியாகக் காட்டப்போவது 20 படம் என்றால், 60 முதல் 80 படங்களோடு தொடங்குங்கள். அவற்றை 4×6 அங்குல அளவில் சாதாரண போட்டோ லேபில் அச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். நிறம் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. தாளின் தரமும் முக்கியமில்லை. இறுதியில் டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ மட்டும் போதும் என்று முடிவெடுத்தவர்களும் இந்தப் படியைத் தாண்டக் கூடாது. திரையில் ஒரு படம் மறைந்துதான் அடுத்தது வரும். மேசையில் எழுபதும் ஒரே பார்வையில் கிடக்கும். ஒரே மாதிரி எடுத்த படங்கள் தாமாகவே காட்டிக்கொடுத்துவிடும். திரையின் பிரகாசத்தால் மட்டுமே நன்றாகத் தெரிந்த படங்களும் சின்னத் தாளில் சுருங்கிப் போகும்.

பரப்பிய படங்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: கட்டாயம், ஒருவேளை, வேண்டாம். இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டு மறுபடி பாருங்கள். ‘ஒருவேளை’யில் கிடப்பதில் பெரும்பகுதி, எடுக்கப் பட்ட பாட்டை நினைத்து விட முடியாமல் வைத்திருப்பவை. அதிகாலை மூன்று மணிக்கு மலை ஏறினீர்கள் என்பது பார்ப்பவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அந்தப் படங்கள் உங்களுக்கு நெருக்கமில்லாத, ஆனால் படம் பார்க்கத் தெரிந்த ஒருவர் கையால் கழிக்கப்படுவது நல்லது.

வரிசை எப்படி அமைகிறது என்பதற்கு ஒரு இரும்புப் பட்டறைத் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். கையில் இருப்பவை: உலையின் செந்நெருப்பு நான்கு கோணத்தில், சம்மட்டி ஓங்கும் கை, புகை படிந்த சன்னல், கொல்லரின் முகம் மூன்று, தரையில் கிடக்கும் இடுக்கி, வேலை முடிந்து கை கழுவும் காட்சி. புதிதாகச் செய்பவர் நெருப்பில் தொடங்கி, நெருப்பிலேயே நான்கு பக்கம் ஓட்டுவார். நான்கில் ஒன்று போதும். தொடக்கத்தில் சம்மட்டிக் கையை வைத்தால் அடுத்த பக்கம் முகம் வேண்டும் என்ற ஆவல் தானாக எழும். எதிரெதிர்ப் பக்கங்களில் இடுக்கியையும் சன்னலையும் வைத்துப் பாருங்கள். இடுக்கியின் சாய்கோடும் சன்னல் வழி விழும் ஒளியின் சாய்கோடும் ஒரே திசையில் ஓடினால் அந்த இரட்டைப் பக்கம் பிடித்துக்கொள்ளும். எதிர்த் திசையில் ஓடினால் நடுமடிப்பில் இரண்டும் முட்டிக்கொள்ளும். முகம் இருக்கிற படத்தில் அவர் பார்வை புத்தகத்துக்கு உள்ளே திரும்பியிருக்கட்டும். வெளியே பார்த்தால் பார்ப்பவர் கண்ணும் வெளியே போய்விடும். கை கழுவும் படம் கடைசிக்கு. இப்படி 11 படத்தில் 7 நின்றால் அது நல்ல தேர்வு.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. எதிரெதிர்ப் பக்கம் என்பது புத்தகத்தில் மட்டும்தான். இணையதளத்தில் படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்; போனில் கட்டாயம் அப்படித்தான். ஆகவே தேர்வு ஒன்றே என்றாலும் வரிசை இரண்டு போடுங்கள். தாளில் ஜோடியாகப் பேசிய இடுக்கியும் சன்னலும், திரையில் அடுத்தடுத்து வரும்போது வெறும் இரண்டு பொருள் படங்களாக நின்றுவிடலாம். அப்போது நடுவே ஒரு முகத்தை நுழைக்க வேண்டியிருக்கும்.

எண்ணிக்கைக்குக் கல்வெட்டு விதி எதுவும் இல்லை. ஒரே தொடரைக் காட்டுவதென்றால் 10 முதல் 15, வேலை தேடிக் காட்டும் பொதுத் தொகுப்பென்றால் 20 முதல் 30 என்பது நடைமுறையில் சரியாக வருகிறது. சந்தேகமாக இருக்கும் படம் தொகுப்பில் இருக்க வேண்டாத படம். தொகுப்பை எடைபோடுபவர் அதன் பலவீனமான படத்தையும் நினைவில் வைத்துக்கொள்வார்.

அடுத்த படிக்கு முன் மானிட்டர்

‘லேபில் போட்ட பிரின்ட் இருட்டாக வந்துவிட்டது’ என்பது அச்சுப் பக்கம் வருகிற எல்லோரும் சொல்லும் முதல் புகார். பெரும்பாலும் லேபின் மேல் தவறில்லை. பெட்டியிலிருந்து எடுத்த மானிட்டர் அலுவலக வெளிச்சத்துக்காகக் கண்ணைக் கூசும் பிரகாசத்தில் வைக்கப்பட்டிருக்கும். அதில் பார்த்துச் சரிசெய்த படம் தாளில் இருண்டுதான் வரும். தாள் தானாக ஒளிர்வதில்லை, அறையின் ஒளியைத் திருப்பித் தருகிறது, அவ்வளவே.

திரையின் நிறத்தையும் பிரகாசத்தையும் அளந்து சரிசெய்யும் காலிபரேஷன் கருவி ஒன்றை வாங்குங்கள் அல்லது இரவல் வாங்குங்கள். இலக்கு அளவுகள்: வெள்ளைப் புள்ளி (திரையின் வெள்ளை எந்தச் சாயலில் இருக்கும் என்பது) டி65, காமா (நடுத்தர வெளிச்சங்கள் எப்படித் தெரியும் என்பது) 2.2, பிரகாசம் ஒரு சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா. அச்சுக்காக வேலை செய்யும்போது 80 முதல் 100 பக்கமாக இருங்கள். மாதம் ஒரு முறை மீண்டும் அளந்துகொள்ளுங்கள். மானிட்டருக்குப் பின்னால் சுவரில் வெயில் விழும் அறையில் எந்தக் கருவியும் உதவாது. பளிச்சென்ற நிறச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அதன் சாயல் திரையில் பிரதிபலிக்கும் என்பதும் உண்மைதான், சிரிக்க வேண்டாம்.

இணையதளம்

எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் (இணையத்தில் பொதுவாகப் புழங்கும் நிற வரம்பு), ஜேபெக்காக, தரம் 75 முதல் 85க்குள், நீளப்பக்கம் 2000 முதல் 2500 பிக்சல். இதுவே பெரும்பாலான தளங்களுக்குப் போதும். ஒரு படம் 300 முதல் 600 கேபிக்குள் அடங்க வேண்டும். மணல், இலை, கூட்டம் போன்ற நுணுக்கம் நிறைந்த படங்கள் கொஞ்சம் கூடும், விட்டுவிடலாம். வெப்பி (WebP) என்ற கோப்பு வடிவத்துக்குத் தளமே தானாக மாற்றிக் கொடுத்தால் நல்லது. நீங்களே மாற்றி அலுத்துக்கொள்ளத் தேவையில்லை.

நிறவெளியில் நடக்கும் தவறு ஒன்றுதான், ஆனால் அடிக்கடி நடக்கும். அதைவிட விரிந்த நிறவெளிகளான அடோபி ஆர்ஜிபியிலோ புரோஃபோட்டோ ஆர்ஜிபியிலோ திருத்திய படத்தை மாற்றாமல் அப்படியே ஏற்றிவிடுவார்கள். தளம் அதைச் சுருக்கும்போது கூடவே ஒட்டியிருந்த நிறப் புரொஃபைலையும் (எந்த நிறவெளி என்று சொல்லும் குறிப்பு) கழற்றிவிடும். பிறகு பிரௌசர் அதை எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். விளைவு, தோல் நிறம் சாம்பல் பூத்து, படமே சோகையாக நிற்கும். எக்ஸ்போர்ட் செய்யும்போதே எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, புரொஃபைலை உள்ளே பதித்து அனுப்புங்கள். ஏற்றிய பிறகு தளத்திலிருந்து அந்தப் படத்தை இறக்கி, மூலத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

தளத்தின் அமைப்பில் புத்திசாலித்தனம் காட்டாதீர்கள். திறந்தவுடன் படம் தெரிய வேண்டும்; வரவேற்புப் பக்கம், தானாக ஒலிக்கும் இசை, மெதுவாக மங்கி விரியும் எழுத்து எதுவும் வேண்டாம். பக்கத்தின் முக்கிய உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். அதைச் சோதிக்க உங்கள் வீட்டு வைஃபையைப் பயன்படுத்த வேண்டாம். போனில் மொபைல் டேட்டாவைப் போட்டு, இதுவரை தளத்தைத் திறக்காத பிரௌசரில் திறந்து பாருங்கள். மெனுவில் மூன்று அல்லது நான்கு தொகுப்புக்கு மேல் வேண்டாம். திருமணம், உணவு, கட்டடம், தெரு, பறவை, விளையாட்டு எல்லாம் ஒரே மெனுவில் இருந்தால் எதற்கும் உங்களை அழைக்க மாட்டார்கள். தொடர்புக்கான மின்னஞ்சல் எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரே தட்டில் கிடைக்க வேண்டும். படிவம் மட்டும் வைத்தால் போதாது. படிவத்திலிருந்து வரும் அஞ்சல்கள் ஸ்பேமில் விழுந்து மாதக்கணக்கில் தெரியாமலே கிடக்கும்.

உங்கள் பெயரில் சொந்த டொமைன் (இணைய முகவரிப் பெயர்) வாங்கித் தானாகப் புதுப்பிக்கும்படி வையுங்கள். பெயர் காலாவதியானால் வேறு யாரோ எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் கொடுத்த விசிட்டிங் கார்டெல்லாம் அவர்களுக்கு விளம்பரமாகிவிடும். ஒவ்வொரு படத்திலும், கோப்புக்குள்ளேயே பதியும் விவரமான ஐபிடிசி மெட்டாடேட்டாவில் பெயர், பதிப்புரிமை, மின்னஞ்சல் பதியுங்கள். ஜிபிஎஸ் விவரத்தை மட்டும் நீக்கிவிடுங்கள், குறிப்பாக வீடுகளிலும் குழந்தைகளையும் எடுத்த படங்களில். குறுக்கே பெரிய வாட்டர்மார்க் போடுவது படத்தைக் காப்பதைவிட அதிகமாகக் கெடுக்கிறது. திருட நினைப்பவர் அதை அழித்துவிடுவார். வேலை கொடுக்க நினைத்தவர்தான் பார்க்க முடியாமல் போவார்.

பிடிஎஃப்: மறந்துபோகிற நடுவழி

வேலை சம்பந்தமான மின்னஞ்சலில் அனுப்ப இதைவிட வசதியானது இல்லை. பக்கம் 1920×1080 அளவில் படுக்கைவாட்டம். முதல் பக்கத்தில் பெயர், கடைசிப் பக்கத்தில் தொடர்பு, நடுவில் 12 முதல் 18 படம். ஒரு பக்கத்துக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. படங்கள் நீளப்பக்கம் 2000 பிக்சல், தரம் 80. ஒவ்வொன்றும் அரை எம்பி என்று வைத்தாலும் 15 படம் 7.5 எம்பியில் முடியும். மொத்தம் 10 எம்பியைத் தாண்ட விடாதீர்கள். பல மின்னஞ்சல் சேவைகளின் எல்லை 20 முதல் 25 எம்பிதான், அதிலும் இணைப்பு அனுப்பும்போது குறியீடு மாற்றப்படுவதால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். 20 எம்பி கோப்பு 25 எம்பி எல்லையில் திரும்பி வருவது இதனால்தான்.

எழுத்துருக்களைக் கோப்புக்குள்ளேயே பதித்துவிடுங்கள், முக்கியமாகத் தமிழ் எழுத்துரு பயன்படுத்தினால். பதிக்காவிட்டால் பெறுபவரின் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். கோப்புப் பெயர் ‘இறுதி_புதியது_2’ என்று இருக்கக் கூடாது. பெயரும் தொகுப்பின் தலைப்பும் ஆண்டும் போதும்.

டேப்லெட்டில் நேரில் காட்டுவதும் ஒரு வழிதான். படங்கள் சாதனத்துக்குள்ளேயே இருக்கட்டும், இணையத்தை நம்ப வேண்டாம். திரையின் நிறத்தைத் தானாக மாற்றும் ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட், கூடவே தானியங்கிப் பிரகாசம் மூன்றையும் நிறுத்துங்கள், அறிவிப்புகளை மூடுங்கள். ஐபேடில் கைடட் ஆக்சஸ் போட்டால் விரல் தவறி வேறு செயலிக்குள் போகாது. திரையில் விரல் ரேகை படியும், துடைக்க மைக்ரோஃபைபர் துணி பையில் இருக்கட்டும். வீடியோவும் எடுப்பவர்களுக்கு டேப்லெட் தவிர்க்க முடியாதது. மற்றவர்களுக்கு, அச்சுப் புத்தகம் முடிந்த பின் ‘இன்னும் இருக்கிறதா?’ என்று கேட்டால் எடுத்து நீட்டுவதற்கு.

இன்ஸ்டாகிராம் போர்ட்ஃபோலியோ ஆகாது. ஆனால் பலர் உங்களை முதலில் தேடுவது அங்கேதான் என்பதால், கண்ணில் படும் முதல் ஒன்பது படம் உங்கள் தளத்தோடு ஒத்துப்போகட்டும்.

அச்சு: அளவும் தாளும்

கையில் எடுத்துப் போக ஏ4 வசதி. விரித்து வைத்தால் மேசையில் அடங்கும். ஏ3 கம்பீரமாக இருக்கும், ஆனால் சின்ன மேசையில் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்துத்தான் திறக்க வேண்டியிருக்கும். எடையையும் கணக்குப் பாருங்கள். 310 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற அளவு) காட்டன் தாளில் ஏ3 ஒன்று ஏறத்தாழ 39 கிராம், 20 தாள் என்றால் 780 கிராம். அட்டையும் பெட்டியும் சேர்ந்தால் ஒன்றரை, இரண்டு கிலோ ஆகிவிடும். நிலப்பரப்பு, கட்டடம் எடுப்பவர்களுக்கு ஏ3 அர்த்தமுள்ளது. முகம், ஆவணத் தொடர் எடுப்பவர்களுக்கு ஏ4 நெருக்கம் தரும்.

பிக்சல் கணக்கு எளிது. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் ஏ4 முழுத்தாளுக்கு 2480×3508, ஏ3க்கு 3508×4961. 24 மெகாபிக்சல் கேமராவின் 6000×4000 படம் இரண்டுக்கும் தாராளம். 4000×3000 கொண்ட பழைய 12 மெகாபிக்சல் படமும் ஏ3யில் அங்குலத்துக்கு 240க்குக் கீழே போகாது. கை நீட்டும் தூரத்தில் பார்க்க அது போதும். நிறைய வெட்டிய படத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

தாள் விஷயத்தில் ஆசைக்கும் படத்துக்கும் நடுவே அடிக்கடி சண்டை வரும். பளபளப்பில்லாத மேட் தாள் தொட இதமாக இருக்கும், பிரதிபலிக்காது, ஆனால் கருமை ஆழமாக விழாது. இரவுக் காட்சி, கறுப்பு உடை, நிழல் நிறைந்த படம் எல்லாம் மேட்டில் சாம்பல் தட்டும். பளபளக்கும் கிளாஸியில் கருமை ஆழம், நிறம் பளிச். விளக்குக்குக் கீழே வைத்தால் பார்ப்பவர் தன் முகத்தையே பார்ப்பார். நடுவழி, லேசாக மினுங்கும் லஸ்டர் தாள், அல்லது பரைட்டா என்ற வெண்பூச்சுள்ள தாள். பரைட்டாவில் கருமை கிளாஸிக்கு நிகராக வரும், பளபளப்பு அடங்கியிருக்கும். கறுப்பு வெள்ளைக்கு முதலில் முயன்று பார்க்க வேண்டியது இதுதான். ஒரு புத்தகத்துக்கு ஒரே தாள். மாற்றி மாற்றிப் போட்டால் தாளைத்தான் கவனிப்பார்கள்.

அதிக வெண்மையாகத் தெரியும் தாள்களில் ஒளிர்வூட்டி ரசாயனம் கலந்திருக்கும். அது நாளடைவில் சக்தி இழந்து தாள் மஞ்சளிக்கும். ஆறு மாதத்தில் மாற்றப்போகும் புத்தகத்துக்கு இது பொருட்டில்லை. விற்கப்போகும் பிரின்டுக்கு, ஒளிர்வூட்டி இல்லாத காட்டன் தாளும் பிக்மென்ட் மையும் (நிறத்துகள் கொண்ட மை) தேவை.

சொந்தப் பிரின்டரா, லேபா? வாரம் ஒரு முறையாவது அச்சடிக்காவிட்டால் இங்க்ஜெட்டின் முனை அடைத்துக்கொள்ளும், சுத்தம் செய்வதிலேயே மை தீரும். ஆண்டுக்கு ஒரு புத்தகம் போடுபவருக்கு லேப்தான் சரி. ஆன்லைனில் ஆர்டர் செய்யும் போட்டோ புத்தகங்கள் பல டிஜிட்டல் பிரஸ்ஸில் புள்ளிகளாக அச்சாகின்றன. வண்ணப் படத்துக்குப் பரவாயில்லை; கறுப்பு வெள்ளையில் லேசான பச்சையோ சிவப்போ சாயல் ஏறக்கூடும். முதல் பிரதியைப் பார்க்காமல் பத்து பிரதி சொல்லிவிடாதீர்கள்.

சோதனை அச்சு

லேபிடமோ தாள் தயாரிப்பாளரிடமோ அந்தத் தாளுக்கான ஐசிசி புரொஃபைலை (அதில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு) வாங்கி, லைட்ரூமிலோ போட்டோஷாப்பிலோ சாஃப்ட் ப்ரூஃப், அதாவது அச்சு எப்படி வரும் என்ற திரை முன்னோட்டம், போட்டுப் பாருங்கள். ஆழ்நீலமும் கொழுந்துப் பச்சையும் நியான் ஆரஞ்சும்தான் முதலில் அடிபடும். தாளில் வராத நிறங்களை எப்படி மாற்றுவது என்று சொல்லும் ரெண்டரிங் முறையில், ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்கைப் பிளாக் பாயின்ட் காம்பென்சேஷனுடன் (படத்தின் கருமையைத் தாளின் கருமைக்குப் பொருத்துவது) வைப்பது பெரும்பாலான படங்களுக்குப் பொருந்தும். நிறம் மிகச் செறிந்த படத்தில் நுணுக்கம் அடைபட்டால் பெர்செப்சுவல் என்ற இன்னொரு ரெண்டரிங் முறையை முயலுங்கள்.

பிறகு, சாஃப்ட் ப்ரூஃபை முழுக்க நம்பாமல், ஒரு ஏ4 தாளில் சோதனை செய்யுங்கள். பட்டறைத் தொகுப்பிலிருந்து கொல்லரின் முகம் என்று கொள்வோம். கன்னத்தில் நெருப்பின் வெளிச்சம், மறுபாதி நிழல், தோளில் கரிய தோல் மேலாடை. கண்ணும் மேலாடையும் சேர்ந்து வரும் ஒரு பகுதியை வெட்டி, ஒரே தாளில் ஆறு முறை வரிசையாக வையுங்கள். முதலாவது அப்படியே. இரண்டாவதும் மூன்றாவதும் எக்ஸ்போஷர் (மொத்த வெளிச்சம்) 0.2, 0.4 கூட்டி. நான்காவது எக்ஸ்போஷரைத் தொடாமல் நிழலை மட்டும் தூக்கி. ஐந்தாவது 0.2 கூட்டி, நிழலையும் கொஞ்சம் தூக்கி. ஆறாவது அதே ஐந்தாவது, மிட்டோன் கான்ட்ராஸ்ட் (நடுத்தர வெளிச்சப் பகுதிகளின் வேறுபாடு) கூட்டி. ஒவ்வொன்றின் கீழும் மாற்றத்தைச் சிறிய எழுத்தில் அச்சிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எது எது என்று நினைவிருக்காது.

தாள் காய ஒரு நாள் விடுங்கள், மை ஈரத்தில் கருமையும் நிறமும் கொஞ்சம் மாறித் தெரியும். அச்சை மதிப்பிடுவதற்கான ஒளியை ஐஎஸ்ஓ 3664 தரம் டி50, அதாவது 5000 கெல்வின் என்கிறது. அந்த விளக்கு இல்லையென்றால் வெயில் நேராக விழாத சன்னலருகே பாருங்கள், பிறகு சாதாரண அறை விளக்கிலும் பாருங்கள். உங்கள் புத்தகம் திறக்கப்படப்போவது பெரும்பாலும் அந்த விளக்கின் கீழேதான். மேட் தாளில் முதல் பட்டையில் மேலாடை ஒரே கறுப்புத் திட்டாக இருக்கும். ஐந்தாவதில் தோலின் மடிப்பு தெரியத் தொடங்கும், கன்னத்து வெளிச்சமும் வெளுக்காமல் நிற்கும். மூன்றாவதில் மடிப்பு தெரியும், ஆனால் கன்னம் வெளுத்துவிடும். இந்த ஒரு தாள், 20 தாள் வீணாவதைத் தடுக்கும். விளிம்புகளைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங்கையும் இதே முறையில் பாருங்கள். மேட் தாள் மையை உறிஞ்சிப் பரப்புவதால், திரையில் கொஞ்சம் அதிகம் என்று தோன்றும் அளவே அங்கே சரியாக அமையும்.

பக்க அமைப்பும் கட்டும்

ஸ்க்ரூ போஸ்ட் எனப்படும், திருகு போட்டுக் கழற்றக்கூடிய கட்டே மாணவர்களுக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கும் ஏற்றது. ஒரு படம் பிடிக்கவில்லையென்றால் அந்தத் தாளை மட்டும் மாற்றலாம். தைத்து ஒட்டிய புத்தகம் அழகு, ஆனால் மறுவாரம் எடுத்த நல்ல படத்துக்கு அதில் இடமில்லை.

ஏ4 படுக்கைவாட்டத் தாளுக்கு ஒரு கணக்கு. 297 மில்லிமீட்டர் அகலத்தில் இடது ஓரம் 17, கட்டுக்கும் மடிப்புக் கோட்டுக்கும் போய்விடும். மீதம் 280. கேமராவின் 3:2 விகிதத்தில் படத்தை 240×160 என்று வைத்தால் இரு பக்கமும் 20 விளிம்பு. உயரம் 210இல் மேலே 23, கீழே 27 விடுங்கள். சரிபாதியாக 25, 25 விட்டால் படம் கீழே சரிந்த மாதிரி கண்ணுக்குத் தோன்றும். நிமிர்ந்த படங்களுக்குத் தாளைத் திருப்பாதீர்கள், புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க யாருக்கும் பொறுமையில்லை. 160 உயரத்தில் அடக்கி நடுவில் வையுங்கள்.

300 ஜிஎஸ்எம் தாள் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன். அதை மடிப்புக் கோடு போடாமல் கட்டினால் திருப்பும்போது விறைத்து எழுந்து நிற்கும், மை பூச்சும் வெடிக்கும். கோடு கீறிய தாளாகவே வாங்கலாம், அல்லது இரும்பு அளவுகோல் வைத்து முனை மழுங்கிய கருவியால் அழுத்தலாம். கத்தியால் கீறக் கூடாது. தாளின் இழை ஓடும் திசை கட்டுக்கு இணையாக இருந்தால்தான் பக்கம் படிந்து கிடக்கும். இருபுறமும் அச்சிட, இருபுறமும் பூச்சுள்ள 170 முதல் 220 ஜிஎஸ்எம் தாள் கையாள எளிது.

ஒட்டுக்கட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கத்தை அடைத்துப் படம் வைக்கிறீர்கள் என்றால், முக்கியமான எதுவும் நடுமடிப்பில் விழக் கூடாது. மடிப்பில் பக்கத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டராவது மறையும். முகம் பாதி விழுங்கப்பட்ட ஒரு புகைப்படத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. விளிம்பு வரை போகும் படத்துக்கு வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் கூடுதல் விடுங்கள்.

பிளாஸ்டிக் உறைகள் விரல்ரேகையைத் தடுக்கும், கூடவே தாளின் அழகையும் தடுக்கும். போட்டே ஆக வேண்டுமானால் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை வாங்குங்கள். பிவிசி உறை நாளடைவில் மையோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது படத்தை உரித்துவிடும். புதிதாக அச்சிட்ட தாளை உடனே உறையில் போட்டால் மையிலிருந்து வெளியேறும் ஆவி உள்பக்கம் பனிபோலப் படியும். தாள்களுக்கு நடுவே சாதாரண வெள்ளைத்தாள் வைத்து ஒரு நாள் விட்டு, பிறகு உறையிடுங்கள்.

சேர்க்கைக்கு அனுப்பும் மாணவர்களுக்கு

மேலே சொன்ன எல்லா அளவையும் மறந்துவிட்டு, விண்ணப்பக் குறிப்பில் உள்ளதை மட்டும் பின்பற்றுங்கள். 15 படம் என்றால் 16 இல்லை. நீளப்பக்கம் 1500 பிக்சல் என்றால் 2000 இல்லை. கோப்புப் பெயருக்கு வடிவம் சொல்லியிருந்தால் ஒரு அடிக்கோடு கூட மாறக் கூடாது. படங்களில் தேர்ச்சியைவிட எப்படி யோசிக்கிறீர்கள் என்பதைச் சேர்க்கைக் குழுவினர் தேடுவது வழக்கம். ஆகவே பல வகையிலும் ஒவ்வொன்று எடுத்துக் காட்டுவதைவிட, ஒரு தொடரில் எட்டுப் பத்து படமும் மற்றவை ஓரிரண்டும் பலமாக இருக்கும். நேர்காணல் உண்டென்றால் குறிப்பேடு, கான்டாக்ட் ஷீட் (எடுத்த படங்களைச் சிறிதாக வரிசையாகக் காட்டும் தாள்), கழித்துவிட்ட அச்சுகளைக் கையோடு எடுத்துப் போங்கள். தொடர் பற்றிய குறிப்பு 100 முதல் 150 சொல். என்ன எடுத்தீர்கள், ஏன் அங்கே, எப்படி வேலை செய்தீர்கள். ‘ஒளியும் நிழலும் என்னை எப்போதும் ஈர்க்கின்றன’ என்ற வாக்கியத்தை எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். கடைசி நாளுக்கு ஒரு நாள் முன்பே ஏற்றிவிடுங்கள், எல்லோரும் ஏற்றும் கடைசி மணி நேரத்தில் தளம் தள்ளாடும்.

உரிமை விஷயம் சுருக்கமாக. வாடிக்கையாளருக்காக எடுத்த படத்தை வெளியிட ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று பாருங்கள். அடையாளம் தெரியும் முகங்களுக்கு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், குழந்தைகளுக்குப் பெற்றோரிடம். உதவியாளராகப் போன இடத்தில் எடுத்தவற்றை, தலைமைப் புகைப்படக்காரரைக் கேட்காமல் உங்கள் வேலையாகக் காட்டாதீர்கள்.

நேரில் காட்டும் நாள்

புத்தகத்தை எதிரே இருப்பவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கம் திருப்புவது அவர் வேலை. எந்தப் பக்கத்தில் நிற்கிறார், எதை இரண்டு முறை திரும்பிப் பார்க்கிறார் என்பதைக் கவனித்து, வெளியே வந்ததும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு சந்திப்புக்குப் பிறகு எல்லோரும் நிற்காமல் தாண்டும் படம் எது என்று தெரிந்துவிடும். இணையதளத்தின் புள்ளிவிவரம் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. கேட்டால் ஒழிய கேமரா, லென்ஸ் விவரம் பேச வேண்டாம்.

விட்டு வர ஏதாவது இருக்கட்டும். ஏ5 அளவில் ஒரு படமும் தளத்தின் முகவரியும் உள்ள அட்டை போதும். சிறு புத்தகமாகப் போட விரும்பினால், நடுவில் ஸ்டேபிள் அடிக்கும் கட்டுக்குப் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக வேண்டும்: 8, 12, 16. மறுநாள் அனுப்பும் நன்றி மின்னஞ்சலில் பிடிஎஃப்பை இணையுங்கள். அவர் தன் சக ஊழியருக்கு உங்களைக் காட்ட அதுதான் கையில் இருக்கும்.

மூலக் கோப்புகளை மூன்று பிரதியாக, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில் என்று வையுங்கள். அச்சுக்கான இறுதிக் கோப்புகளைத் தனி ஃபோல்டரில், எந்தத் தாள், எந்தப் புரொஃபைல் என்ற குறிப்போடு சேமியுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தளத்தையும் பிடிஎஃப்பையும் ஒருசேரப் புதுப்பியுங்கள். புத்தகத்தில் மாற்ற வேண்டிய தாள்களை மட்டும் மாற்றினால் போதும். அதைப் படுக்கவைத்து, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வையுங்கள். முதல் மூன்று தாளுக்கும் கடைசித் தாளுக்கும் தொடக்கத்திலேயே இரண்டிரண்டு பிரதி கூடுதலாக அச்சிட்டுக்கொள்ளுங்கள். கட்டைவிரல் ரேகை முதலில் விழுவது அவற்றின் வலது கீழ் மூலையில்தான்.